லோகோ ஷெட்டில் பச்சைப் பெயிண்ட்

காலை 7.10. திண்டிவனம் மேம்பாலத்தின் கீழிருந்து குட்டியானை வண்டியில் கிளம்பினோம். விழுப்புரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். போக வர வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், டோல் தனி. பேருந்தில் ஏறியிருந்தால் நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டிருப்பேன். ஆனால் திரும்பும்போது என்னோடு நூற்றைம்பது கிலோ இரும்பு வர வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். விழுப்புரத்தில் நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்த்த லோகோ ஷெட்டை மூடிப் பல காலம் ஆகிறது. பட்டறையில் மிஞ்சிய சாமான்கள் பழைய இரும்பாக ஏலம் போய்விட்டன. அவற்றில் கையால் சுற்றித் துளைபோடும் இயந்திரம் ஒன்றையாவது காப்பாற்றி, நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் வைக்க ஆசைப்பட்டேன். பதினொரு மாதம் கடிதம் எழுதி எழுதித்தான் அனுமதி கிடைத்தது. அன்று மாலை நான்கு மணிக்குள் எடுத்தாக வேண்டும். மறுநாள் காலை ஏலக்காரரின் லாரி வந்து மிச்சத்தை வாரிக்கொண்டு போய்விடும்.

ஓட்டுநர் ஏழுமலைக்கு இந்த அவசரம் எதுவும் உறைக்கவில்லை. விக்கிரவாண்டியில் வண்டியை ஓரங்கட்டினார்.

“ரெண்டு பூரி துன்னுட்டு ஜல்தியா வந்துடுறேன் சார்.”

அவருடைய ஜல்தி நாற்பது நிமிடம். பூரி செட் நாற்பது ரூபாய். வேறு வழியில்லாமல் நானும் ஒன்று சாப்பிட்டேன். கிழங்கு நன்றாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை.

9.30. ஷெட் வாசலில் தனகோட்டி காத்திருந்தார். இப்போது ஸ்டோர் பொறுப்பாளர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த இயந்திரத்தைச் சுற்றியவர்.

“வாங்க சார், வாங்க. எல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்கோம்” என்று முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே அழைத்துப் போனார்.

இயந்திரம் முழுக்கப் பச்சைப் பெயிண்ட். சக்கரத்துக்கு சில்வர், ஓரமெல்லாம் சிவப்புக் கோடு. நெற்றி என்று அவர்கள் முடிவு செய்த இடத்தில் சந்தனம், குங்குமம். கைப்பிடியில் சாமந்தி மாலை வேறு. ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

“யார் சார் பெயிண்ட் அடிக்கச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? நாங்களேதான். நாலு பேரு ரெண்டு நாளா ஒக்காந்துகினு அடிச்சோம். குழியெல்லாம் பட்டி வச்சு அடைச்சுட்டோம். சும்மா மொழுமொழுன்னு இருக்குது பாருங்க.”

அந்தக் குழிகளில்தான் இயந்திரத்தின் எண் இருந்தது, காலில் வெட்டிப் பதித்த எண். கடிதத்தில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால்தான் வாசல் காவலர் வெளியே விடுவார். பழையதைப் பழையதாகவே வைத்திருக்கத்தானே இத்தனை பாடு என்று கத்தினேன்.

11.00. தின்னரும் உப்புத்தாளும் வாங்கிவர ஏழுமலையைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். உப்புத்தாளை மறந்துவிட்டார்.

“இன்னாத்துக்கு சார் டென்ஷன் ஆவுறீங்க? துணியிலயே தேய்க்கலாம்.”

தேய்த்தோம். இரண்டு நாள் உழைப்பில் காய்ந்த பட்டி லேசில் வருவதாக இல்லை. நான் உளியை எடுத்தபோது தனகோட்டி கையைப் பிடித்துக்கொண்டார்.

“போன வருசம் இங்கேர்ந்து ஒரு பெரிய ஜாக்கிய, காட்சிக்கு வைக்கிறோம்னு வேற ஊருக்கு எடுத்துக்கினு போனாங்க சார். நான் போய்ப் பார்த்தா மழையில கெடக்குது. துருவோட போனா குப்பைன்னுதான் நெனைப்பாங்க. அதான் நல்லா பண்ணி அனுப்பலாம்னு…”

என் கோபம் தணியவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி துணியால் தேய்த்தேன்.

2.50. எண் தெரிந்தது. காவலர் குனிந்து பார்த்தார்.

“சார், இதுல தொண்ணூத்தாறு. உங்க லெட்டர்ல நூத்திப் பன்னெண்டு.”

தனகோட்டி எழுந்து சுவரோரம் போனார். அங்கே அதேபோல இன்னொன்று நின்றது. கைப்பிடி இல்லை, பல்சக்கரம் பாதி உடைந்திருந்தது, உடம்பெல்லாம் துரு. அதன் காலில் 112 என்பது தள்ளி நின்றாலே தெரிந்தது.

பதினொரு மாதத்துக்கு முன் நான் வந்து பார்த்தபோது இரண்டும் ஒட்டினாற்போல நின்றிருந்தன. செல்போன் வெளிச்சத்தில் நல்ல இயந்திரத்தைப் படம் எடுத்தேன்; அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இவர்கள் இதற்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எண்ணை மட்டும் சுலபமாகப் படிக்க முடிந்த பக்கத்துக் காலிலிருந்து எழுதிக்கொண்டேன். காலையிலிருந்து ஊரையெல்லாம் திட்டியவனுக்கு இப்போது திட்ட ஆளில்லை. அதிகாரியைத் தொலைபேசியில் கெஞ்சினேன். ஏலப் பட்டியல் முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்று பொறுமையாகவே சொன்னார்.

3.40. நூற்றுப்பன்னிரண்டை வண்டியில் ஏற்றினோம்.

“மன்னிச்சுக்குங்க. தப்பு என்னுதுதான்” என்றேன்.

“வுடுங்க சார். அதுவும் நம்ம மெஷினுதான்” என்றார் தனகோட்டி.

ஏழுமலை கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். தனகோட்டி பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நாங்கள் சுரண்டிய காலுக்கு மறுபடி பச்சை அடித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு உருக்கப் போறதுக்கா?”

“போறது போவுது சார். அதுக்காவ காலைச் சொரண்டிவுட்டு அனுப்புறதா?”

திரும்பும் வழியில் ஏழுமலை எங்கும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது நூற்றுப்பன்னிரண்டு எங்கள் பள்ளி வராந்தாவில், மழை படாத இடத்தில் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள், ஒரு பழைய பொருளைக் காப்பாற்றிவிட்டீர்களே என்று என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. நான் காப்பாற்றப் போனதை, காலில் பெயிண்ட் காயும் முன்பே, விழுப்புரத்தில் விட்டுவிட்டு வந்தேன்.