றெஜினா அக்காவின் சனிக்கிழமைகள்

தவக்காலத்தின் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை. வெள்ளவத்தைச் சந்தையில் கீரைக்கட்டொன்றைக் கையில் எடுத்தபடி நின்றபோது பாதர் நிஹாலின் அழைப்பு வந்தது. அவர் வழக்கமாகக் குறுஞ்செய்திதான் அனுப்புவார். "அக்கா விடியக்காலம் போயிட்டாங்க. நோவு ஒண்ணும் இல்லாம போனாங்க" என்று தோட்டத்துத் தமிழில் சொன்னார். கீரை வேண்டுமா வேண்டாமா என்று கடைக்காரி சிங்களத்தில் கேட்டாள். நான் கட்டை வைத்துவிட்டுக் காலி வீதிக்கு வந்து, கொட்டாஞ்சேனைக்குப் போவதற்காகக் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

கொட்டாஞ்சேனைப் பங்கில் றெஜினா அக்காவை எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பூசைக்கு இடப்பக்கத்து மூன்றாவது வாங்கில் இருப்பவர். கொழும்புக் கோட்டையில் கப்பல் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் முடிக்கவில்லை. ஒழுங்கையில் யாருக்குச் சிங்களத்தில் கடிதம் எழுத வேண்டுமானாலும், பொலிசிலோ அரசாங்கக் கச்சேரியிலோ பேச வேண்டுமானாலும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். இவ்வளவும் பங்குச் சனங்களான உங்களுக்குத் தெரிந்ததே. தவக்காலச் சனிக்கிழமைகளில் அவர் எங்கே போனார், அங்கே என்ன செய்தார் என்பதை உங்களில் சிலர்தான் அறிவீர்கள். அவரோடு ஏழு தவக்காலம் பஸ்ஸில் போய்வந்தவள் என்பதால் அதை எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

அவிசாவளைக்கு அப்பால், இறப்பர் தோட்டங்களுக்குள் நான்கு சிற்றாலயங்கள் இருக்கின்றன. நான்குக்கும் ஒரே குருவானவர். எட்டு வருடங்களுக்கு முன்பு அந்தப் பொறுப்பு பாதர் நிஹாலுக்கு வந்தது. அவர் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். தமிழ்ப் பூசையைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்து வாசித்துவிடுவார். சனங்கள் திரும்பி ஏதாவது சொன்னால் புரியாது. தவக்காலம் நெருங்கியபோது கொட்டாஞ்சேனைக்கு வந்து, ஒரு ஆறு வாரத்துக்கு மொழிபெயர்க்க யாராவது வரமுடியுமா என்று பூசை முடிவில் கேட்டார். றெஜினா அக்கா எழுந்து நின்றார். பாட்டுக்கு ஒருவர் தேவை என்று அவரே என்னைத் தேடி வெள்ளவத்தைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக் கோயிலில் பாடிப் பழகியவள் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு தவக்காலம்தானே என்று சம்மதித்தேன்.

சனிக்கிழமை விடியப் புறக்கோட்டையில் பஸ் ஏறுவோம். அவிசாவளையில் இறங்கி இன்னொரு பஸ், பிறகு முச்சக்கர வண்டி. காலையில் இறப்பர் பால்வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்து, குளித்துவிட்டுத்தான் சனம் வரும். அதனால் சிலுவைப்பாதை பிற்பகலில், ஒரு சிற்றாலயத்தில் தொடங்கி அடுத்ததில் முடியும். இடையில் ஒன்றரை மைல் இறப்பர் மரங்கள். பதினான்கு நிலைகளுக்கும் பதினான்கு மரங்களில் சின்னச் சிலுவைகளை சைக்கிள் டியூப் துண்டால் கட்டியிருப்பார்கள். தோட்டத்து மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. தவக்காலம் தொடங்கும்போது அந்த மரங்கள் இலை கொட்டும். காலடியில் சருகு நொறுங்கும் சத்தத்தில் என் பாட்டே எனக்குக் கேட்காது.

முதல் வாரமே பாதர் நோன்பைப் பற்றி நீண்ட பிரசங்கம் வைத்தார். பதினைந்து நிமிடம் பேசியதை அக்கா நான்கு நிமிடத்தில் தமிழில் சொல்லி முடித்தார். பூசைக்குப் பிறகு பாதருக்குச் சந்தேகம் வந்து, நான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. இலை கொட்டும் காலத்தில் இவர்களுக்குக் கிழமையில் மூன்று நாள்தான் வேலை, ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறையுங்கள் என்று நீங்கள் சொன்னதை இவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதை விட்டுவிட்டேன் என்றார். நான் பயந்துபோனேன். அடுத்த சனிக்கிழமை பாதர் பிரசங்கமே வைக்கவில்லை. சனத்தை இருக்கச் சொல்லி, இந்த மாதம் உங்களுக்கு எது கஷ்டம் என்று கேட்டார். அன்று அக்கா தமிழிலிருந்து சிங்களத்துக்கு மொழிபெயர்த்தார். அது ஒரு மணித்தியாலம் எடுத்தது.

அக்கா தவக்காலத்தில் சீனி சேர்ப்பதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தரும் தேத்தண்ணீரோ பாகு மாதிரி இருக்கும். அதை அவர் ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிப்பதைக் கண்டு, திரும்பும் வழியில் கேட்டேன். "ஒறுத்தல் என்ட வாய்க்குத்தான் தங்கச்சி. அதுகள் நீட்டின கைக்கு இல்ல" என்றார்.

அடுத்த தவக்காலத்தில்தான் பாவசங்கீர்த்தனம் பற்றிய கதை வந்தது. அந்தச் சனங்கள் பல வருடமாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. குருவானவரிடம் தங்கள் பாவங்களைச் சொல்ல மனமிருந்தும் மொழி இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கிறது. குருவானவரைப் போலவே அவரும் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்று பாதர் விளக்கினார். அக்கா ஒரு கிழமை யோசித்துவிட்டு ஓம் என்றார். இரண்டாவது சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் பலாமரத்தடியில் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினார்கள். பாதருக்கு ஒரு கதிரை, வருபவருக்கு ஒரு வாங்கு. அக்காவின் ஸ்டூல் இருவருக்கும் முதுகு காட்டியபடி. நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். அந்தப் பெரிய வெள்ளிக்கு முன் வரிசை கோயில் படியைத் தாண்டியது.

மூன்றாவது தவக்காலம்தான் எங்களைச் சோதித்தது. உறைந்த இறப்பர் பால் தகடுகளைப் புகையில் காயவைக்கும் கொட்டகை ஒரு வியாழக்கிழமை எரிந்து சாம்பலாயிற்று. யாருக்கும் காயமில்லை. நிர்வாகத்தோடு முன்பே வாய்த்தர்க்கப்பட்டிருந்த சூசை என்ற இளைஞன் மேல் சந்தேகம் விழுந்தது. கல்யாணம் முடித்து ஆறு மாதம். அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குடும்பம் லயத்துக் காம்பராவையும் விடவேண்டி வரும் என்று கதை வந்தது. சனிக்கிழமை நாங்கள் போனபோது வழமைபோல வரிசை நின்றது, பாவசங்கீர்த்தனம் நடந்தது. முடிந்து திரையை அவிழ்த்தபோது தோட்டத்து மேற்பார்வையாளர் அக்காவிடம் வந்தார். சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். இத்தனை பேர் உங்களிடம் வந்து போகிறார்கள், யார் என்று சொல்ல வேண்டாம், சூசையா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

அவர் போனதும் சூசையின் தாய் ஆரோக்கியம் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பால் வெட்டி வெட்டி வலதுகைப் பெருவிரல் வளைந்துபோனவள். அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க சொன்னா தொரை கேப்பாரு. எம் மகன் செய்யலன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"என்னால ஏலாது ஆரோக்கியம்."

"அவன் செய்யலன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

அக்கா ஸ்டூலில் இருக்கும்போது போலவே நிலத்தைப் பார்த்தார். ஆரோக்கியம் கையை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பாராமல் நடந்து போனாள்.

திரும்பும் பஸ்ஸில் நானும் விடவில்லை. "எனக்கெண்டாலும் சொல்லுங்கோ அக்கா, நான் ஒருத்தருக்கும் கதைக்க மாட்டன்" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு குடும்பம் தெருவில் நிற்கப்போகிறது, ஒரு சொல்லில் காப்பாற்றலாம், உங்களுக்குச் சட்டம் பெரிதா என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் திரும்பினார். "இண்டைக்கு ஒரு ஆளை 'இவன் இல்ல' எண்டு சொன்னா, நாளைக்கு இன்னொரு ஆளைக் கேப்பாங்க. அப்ப நான் பேசாம இருந்தா அதுவே பதிலாப் போயிடும். ஒண்டும் தெரியாது எண்டு சொன்னாலும் அப்பிடித்தான்" என்றார். அவர் சொன்னது அன்று என் தலைக்குள் ஏறவில்லை. அடுத்த சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தேன். காய்ச்சல் இருக்கவில்லை.

அக்கா தனியாகப் போயிருக்கிறார். தோட்டப் பாதையால் சிலுவைப்பாதை போகக் கூடாது என்று நிர்வாகம் தடுத்துவிட்டதால் கோயில் முற்றத்தையே சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள், பதினைந்து பேரளவில். பாட்டை அக்காவே தொடங்கினாராம். அவருக்குச் சுருதி ஒருநாளும் சேராது. பிறகு திரைக்குப் பின்னால் போய் அந்த ஸ்டூலில் இருந்தார். மேற்பார்வையாளர் அவரோடு கதைத்ததைச் சனம் கண்டிருந்தது; ஒருவரும் வரவில்லை. பாதர் போதும் என்றபோதும் எழும்பவில்லை; வழமையாக முடிக்கும் நேரம் வரை இருந்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடந்தார். இதை எனக்குச் சொன்னவர் பாதர். அக்கா என்னிடம் காய்ச்சல் சுகமா என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் நான் புறக்கோட்டைக்குப் போனபோது பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து எனக்காக இடம் பிடித்திருந்தார்.

அந்த வாரம் நடுவில் கொட்டகையில் அடுப்பெரிக்கும் மனிதர் தானாகவே தோட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டார். விறகை அளவுக்கு மிஞ்சி அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனதாகவும், பயத்தில் சொல்லாமல் இருந்ததாகவும் ஒத்துக்கொண்டார். சூசைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்த மனிதரையும் வெளியேற்றவில்லை. வேறு வேலைக்கு மாற்றினார்கள். அவரை அலுவலகத்துக்குப் போக வைத்தது அவருடைய மனச்சாட்சியா, மனைவியா, பலாமரத்தடியில் கேட்ட ஏதாவது ஒரு சொல்லா என்று எனக்குத் தெரியாது. அவர் வாயாலேயே ஊரறியச் சொன்ன பிறகும் அக்கா அதைப்பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அவர் பெயர் வரும்போது முகம்கூட மாறியதில்லை.

குருத்து ஞாயிற்றுக்கு முதல்நாள் சேலை மறுபடி கட்டப்பட்டது. சனங்கள் தள்ளி நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வந்தவள் ஆரோக்கியம். திரைக்கு வெளியே நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"எம் புள்ளைக்காகக்கூட இவுங்க வாயத் தெறக்கல. அப்ப நான் சொல்றதையும் யாருக்கும் சொல்ல மாட்டாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் வாங்கில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. அன்று மரங்களில் செம்பு நிறத்தில் தளிர் வந்திருந்தது. பாதையும் திறந்துவிட்டார்கள்.

இப்படி ஒரு பாரத்தை வேறொருவர் மேல் வைத்திருப்பது சரியில்லை என்று பாதருக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். அந்த வருடமே தமிழ் படிக்கத் தொடங்கினார். அக்கா வாரத்தில் ஒருநாள் அவரோடு தொலைபேசியில் தமிழில் கதைப்பார். மிச்சத்தை லயத்துச் சனமே பார்த்துக்கொண்டது. அதனால்தான் பாதரின் தமிழில் கொழும்பும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை. ஐந்தாவது தவக்காலத்தில் பாதர் தனியாகவே பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஸ்டூலை எடுத்துவிட்டார்கள். அக்கா என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வரிசையின் கடைசியில், இரண்டு பால்வெட்டுக்காரிகளுக்குப் பின்னால் போய் நின்றார். தன் முறை வந்ததும் வாங்கில் இருந்து தமிழில் சொன்னார். வெளியே வந்தபோது முகம் சிரித்தபடி இருந்தது. "என்ட மட்டும் எண்டா எவ்வளவு கெதியா முடிஞ்சிடுது" என்றார்.

இந்த வருடம் திருநீற்றுப் புதனுக்கு முன்பே அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இருதயம் பலவீனம் என்றார்கள். கடைசியாக நான் பார்த்தது அவர் போவதற்கு இரண்டு நாள் முன், ஞாயிறு பிற்பகல். நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அவ்வளவையும் எப்படி அக்கா மனதில் வைத்துக்கொண்டிருந்தீர்கள், மறந்துவிட்டீர்களா என்றேன். மூச்சு வாங்கி வாங்கித்தான் பதில் சொன்னார்.

"மறக்க ஏலாது. ஆனா ஆர் சொன்னது எண்டது அழிஞ்சு போச்சு. பாதருக்குச் சொல்லேக்க 'இந்த மனுசி இப்பிடிச் செஞ்சாவாம்' எண்டு சொல்லக் கூடாதே. சிங்களத்தில 'மம', 'நான்' எண்டுதான் சொன்னனான். நான் திருடினன், நான் அடிச்சன், நான் பொய் சொன்னன் எண்டு. இப்ப யோசிச்சா எல்லாம் நானே செஞ்ச மாதிரித்தான் இருக்கு." பிறகு, "அதுக்குப் பிறகு ஒருத்தரோடயும் கோவிக்க முடியேல்ல தங்கச்சி" என்றார்.

வியாழக்கிழமை அடக்கம். நான்கு சிற்றாலயத்துச் சனங்களும் ஒரு பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார்கள். அவருக்குத் தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாட்களைச் சொன்னவர்கள் அவர்கள். ஒருவர் பின் ஒருவராகப் பெட்டிக்குக் கிட்டே வந்து, நெற்றியைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர்களோடு நிமிர்ந்து கதைத்தார்கள். சூசை தன் மகளைத் தூக்கிக் காட்டினான். பாதர் தமிழில் பூசை வைத்தார். பாட்டை நான் தொடங்கினேன். நடுவில் என் குரல் நின்றபோது ஆரோக்கியம் பிடித்துக்கொண்டாள்.

நான் வங்கியொன்றின் கவுண்டரில் நாள் முழுக்க மனிதர்களைப் பார்ப்பவள். பொறுமை குறைந்தவள், ஒருவர் செய்த பிழையை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். என்னோடு வேலைசெய்தவர்களுக்கு இது தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். யார் மேலாவது கோபம் வரும்போது, அவர் செய்ததை 'நான்' என்று ஒருதடவை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். நான் பொய் சொன்னேன், நான் பயந்து ஒளித்தேன், காய்ச்சல் இல்லாமல் காய்ச்சல் என்றேன். எல்லா நாளும் அது வேலை செய்வதில்லை. நேற்று வேலை செய்தது. றெஜினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்.