அமோனியாவை முகர்ந்த நாள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நான் படித்த பள்ளியில் ஆய்வுகூடம் கிடையாது. இரசாயனம் முழுவதும் கரும்பலகையில்தான். பல்கலைக்கழகத்திலோ கையால் செய்து காட்டினால்தான் தேர்ச்சி.

செய்முறைப் பரீட்சையில், கொடுத்த உப்பு எதுவென்று கண்டறிய அதைக் காரத்தோடு சூடாக்கினேன். தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா புளிக்கும் கொழுந்தை அள்ளி, முகம் புதைத்துப் பதம் பார்ப்பார். எனக்கும் அதே பழக்கம். சோதனைக் குழாயில் மூக்கை வைத்து ஆழ இழுத்துவிட்டேன். அமோனியா! மூச்சடைத்தது, கண்கள் எரிந்து பார்வை மங்கியது.

"வெளியில போம் தம்பி, அடுத்த வருஷம் பாப்பம்," என்றார் விரிவுரையாளர்.

"இல்லீங்க சேர், முடிச்சிட்டுத்தாங்க போவேன்," என்றேன்.

முகம் கழுவி வந்து முடித்தேன், தேறினேன்.

இப்போது அதே பள்ளியில் நான் ஆசிரியர். ஆய்வுகூடம் இன்னும் வரவில்லை. முதல் நாளே பிள்ளைகளிடம் சமையலுக்கு வாங்கும் வினாகிரிப் போத்தலை நீட்டுகிறேன். ஒவ்வொருவரும் அதைத் தள்ளிப் பிடித்து, கையால் விசிறி முகர்ந்து காட்டிய பிறகுதான் புத்தகத்தைத் திறக்க விடுகிறேன்.