செம்பூரில் மலை இறங்கிய கதை

காலை 5.50. தாதர் ஸ்டேஷனில் இறங்கினேன். மலைச் சைக்கிள் வாங்குவதற்காகக் குன்னூர் மலையை விட்டுக் கடற்கரை ஊருக்கு வந்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குன்னூரில் ஒரு விடுதியில் எனக்கு வழிகாட்டி வேலை. விருந்தினர்களைத் தேயிலைத் தோட்டத்துச் சரிவுகளில் சைக்கிளில் இறக்கிக் கூட்டிப்போவேன். போன சீசனில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். எலும்பு கூடிவிட்டது, பிடி மட்டும் திரும்பவில்லை. முதலாளி நல்லவர், ஆனால் கறார். "புது மாடலை ஓட்டிப் பாருங்க. கை ஒத்துழைச்சா உங்களுக்கும் சேர்த்து ரெண்டா வாங்கலாம். இல்லேன்னா புதுசா வர்ற ஆளுக்கு ஒண்ணு, நீங்க ஆபீஸ்ல உட்காருங்க. அஞ்சு மணிக்குள்ள சொல்லிருங்க" என்று அனுப்பியிருந்தார். ஆபீஸ் நாற்காலியை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

7.30. மாட்டுங்காவில் இட்லியும் காப்பியும். பிறகு செம்பூருக்கு டாக்ஸி, எட்டு கிலோமீட்டர், 180 ரூபாய். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் ஓட்டுநர் இந்தியில், "செம்பூரில் மலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

10.00. சைக்கிள் கடைக்குப் பின்னாலிருந்த ஐந்து மாடி கார் நிறுத்தம்தான் மலை. மேல் மாடிகள் காலியாக இருந்தன. மெக்கானிக் செய்யது பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். பூர்வீகம் மேலப்பாளையம், வீடு தாராவி. வரும் சீசனுக்கான மூன்று வண்டிகளை நிறுத்தியிருந்தார். இரண்டு எம்பிக் குதிப்பதற்கான ஃப்ரீரைடு வண்டிகள், ஒன்று செங்குத்தாக இறங்குவதற்கான டவுன்ஹில். "முன்னாடி சஸ்பென்ஷன் இருநூறு மில்லிமீட்டர் உள்ள போவும் தங்கச்சி. படிக்கட்டுல விட்டாலும் மெத்தைல உக்காந்த மாரி இருக்கும்" என்றார். விலை நான்கு லட்சத்து எண்பதாயிரம்.

அந்த டவுன்ஹில்லில் ஏறினேன். மெத்தைதான், பொய்யில்லை. ஆனால் இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது முன் பிரேக்தான்; இரண்டாவது வளைவில் அதைப் பிடித்தபோது வலது விரல்கள் வழுக்கின. சுவரில் தோளை உரசித்தான் நின்றேன். மூன்று முறை இறங்கினேன், மூன்று முறையும் அதே கதை. கையைப் பற்றிக் கடையில் வாய் திறக்கக் கூடாது என்ற வீம்பு வேறு. வந்து உட்கார்ந்தேன்.

டீ வந்தது. எடுத்துக் குடித்தேன்.

"கிளாஸ எடது கையால எடுக்கீயளே. வலது கைக்கு என்ன?" என்றார் பாய்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வெளிநாட்டுப் பெட்டியப் பிரிக்கும்போது முன் பிரேக் எடது கைலதான் வரும். நம்ம ஆளுகளுக்கு வலது கைல இருந்தாத்தான் பழக்கம்னு வார வண்டி எல்லாத்தையும் நான்லா மாத்திப்போடுதேன். காலி பீலி, ஒரு காரணமும் இல்லாம ஒங்க பொழப்பயும்லா மாத்திட்டேன்."

சொல்லும்போதே பிரேக் குழாயைக் கழற்றத் தொடங்கிவிட்டார். அறுத்த முனைக்குப் போட வேண்டிய பித்தளை வளையம் கடையில் தீர்ந்திருந்தது. தாராவி வீட்டில் ஒரு டப்பாவில் இருக்கிறதாம்.

1.15. ஆட்டோவில் சயான் வழியாகத் தாராவி. 90 அடி ரோட்டிலிருந்து சந்துக்குள் நடந்தோம். ஒருவர் நடக்க மற்றவர் ஒதுங்க வேண்டிய சந்து. அவர் மனைவி டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "மொதல்ல சாப்பிடுங்க. அப்பறந்தான் டப்பா" என்றார். மீன் குழம்பும் சோறும். பாய் அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது, என் தட்டில் மட்டும் இடது கையால் சாப்பிட ஒரு ஸ்பூன் இருந்தது. அந்த வீட்டை நான் மறக்க மாட்டேன்.

3.40. குழாய் மாற்றி, எண்ணெய் ஏற்றி, காற்றுக் குமிழ் போகும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். மறுபடி ஏறினேன். இருபது வருடப் பழக்கம் லேசில் விடுமா? அவசரத்துக்கு வலது கையே முந்தியது, பின் சக்கரம் மட்டும் இழுபட்டது. பாய் ஒவ்வொரு வளைவுக்கும் படிக்கட்டு வழியாக எனக்கு முன்னால் ஓடிப் போய் நின்று, "எடது, எடது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழாவது முறை அவர் சொல்வதற்குள் இடது கை பிடித்துவிட்டது. பதினோராவது முறை படிக்கட்டிலேயே இறங்கினேன். அவர் மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

4.50. ஊர் ரயிலைப் பிடிக்கக் குர்லா டெர்மினஸுக்கு ஆட்டோ. எட்டு மாதமாகக் குன்னூரில் டாக்டர் என் மணிக்கட்டைப் பார்த்தார், முதலாளி பார்த்தார், நான் ராத்திரி பகலாகப் பார்த்தேன். பிரேக்கைப் பக்கம் மாற்றினால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். முன்பின் தெரியாத ஒருவர் தன் ஒரு நாளை முழுசாக எனக்குக் கொடுத்திருந்தார். முதலாளிக்குப் போன் போட்டேன்.

"கை எப்படி இருக்கு?" என்றார்.

"அப்படியேதான் சார் இருக்கு. ரெண்டு சைக்கிளா வாங்குங்க."