பதுளை எந்தத் தீவில் இருக்கிறது

போர்ட் பிளேயரில் நான் மேற்பார்வை பார்க்கும் ஹோட்டலில் மேல்மாடி அறைகளின் ஜன்னலைத் திறந்தால் கடல். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் அந்த ஜன்னலுக்காகத்தான் கூடுதல் வாடகை தருகிறார்கள். அறைக்குள் வந்ததும் முதல் வேலையாக அதைச் சாத்துகிறார்கள். உப்புக்காற்றில் தலைமுடி பிசுபிசுக்கிறதாம், ஏ.சி. வீணாகிறதாம். திரையையும் இழுத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் எதிர்ச் சுவர்தான் கண்ணில் படும். அப்படி ஒருநாள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் போன் செய்து என்னை மேலே வரச் சொன்னார். குழாயில் தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது என்று ஓடினேன்.

“செவுரு மொட்டையா இருக்குதுங்க. ஒரு கடல் படமாச்சும் மாட்டி வெக்கக் கூடாதா?” என்றார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். “தெரையத் தொடாதீங்க, வெயில் வரும்” என்றார்.

இப்படிப்பட்டவர்களிடம் சரிங்க சார் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் இந்த ஊர்க்காரன் அல்ல. எந்த ஊர்க்காரன் என்று கேட்டால் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். இலங்கையில் பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக் குடும்பங்களுக்கான வரிசை வீட்டில், பிறந்தேன். சிறுவனாக இருந்தபோது எங்களை இந்தியாக்காரர்கள் என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். ராமேஸ்வரத்தில் சிலோன்காரர்கள் என்று இறக்கினார்கள். முகாமில் கிடந்தபின் மறுபடி ஒரு கப்பல். நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் பால் எடுக்கும் வேலை. என் மனைவி மல்லிகாவின் குடும்பமும் அதே கப்பலில்தான் வந்தது. சுனாமிக்குப் பிறகு அங்கே வேலை படுத்துவிட, போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

எங்கள் லயத்துச் சுவர் மொட்டையாக இருந்ததில்லை. குளிர்காற்று புகாமலிருக்க அம்மா மாவுப் பசை காய்ச்சிப் பழைய பேப்பர் ஒட்டுவார். சோப்பு விளம்பரத்துப் பெண் ஒருத்தி தலைகீழாக ஒட்டப்பட்டு வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை நேராக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அலங்காரம் என்ற சொல்லைக் கோயிலில் மட்டும்தான் கேட்டிருந்தோம்.

ஹோட்டல் முதலாளிக்கு விருதுநகர்ப் பக்கம். சுனாமிக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுக்கும் கான்ட்ராக்டில் தலையெடுத்தவர். வெயிலில் அந்தத் தகரத்துக்குள் மனிதர்கள் வெந்தார்கள். அதில் வந்த பணத்தில் இவர் மாடி கட்டினார். சுவர் மொட்டையாக இருக்கிறது என்ற புகாரை அவர் மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொண்டார்.

“சென்னையிலருந்து படம் வாங்கிக் கப்பல்ல போட்டா கட்டுபடியாகாதுய்யா. ஒம் பொண்டாட்டி கைவேலைக்காரிதானே? வீட்லயே செய்யிற ஈசி வேலை. இந்தா, என் சம்சாரம் வீடியோ வச்சிருக்கா” என்று போனை நீட்டினார். அதில் நகப்பூச்சுப் போட்ட இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. ஐந்தே நிமிஷத்தில் அந்தக் கைகள் ஒரு கடலைச் செய்து முடித்தன.

கராச்சர்மாவில் அது ஐந்து நிமிஷத்தில் முடியவில்லை. ரீப்பர் கட்டைகளைச் சட்டமாக அடித்து, கேன்வாஸ் துணியை இழுத்துப் பின்பக்கம் ஆணி அடித்தேன். மல்லிகா பிரைமர் பூசினாள். மழைக்காலம், பிரைமர் காயவே இல்லை. மின்விசிறிக்கு அடியில் கேன்வாஸைப் படுக்க வைத்துவிட்டு நாங்கள் வியர்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டினாள். மேலே ஒரு நீலம், கீழே ஒரு நீலம், டேப்பை உரித்ததும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு. கடல் தயார். ஸ்பாஞ்சால் ஒற்றினால் நுரை. பழைய சீப்பால் இழுத்தால் தென்னை ஓலை.

“இதுக்கா வீடியோ எடுத்துப் போடுறாங்க?” என்றாள். “எங்க அம்மா சாணி மொழுகுறப்ப இதவிட நல்லா அலை வரும்.”

ஆனாலும் அவளுக்கு அது பிடித்துப்போனது. கடைசியாக மிஞ்சிய ஒரு கேன்வாஸில் கடல் போடவில்லை. காது குடையும் பட்ஸை வண்ணத்தில் தோய்த்துக் கரும்பச்சைப் புள்ளிகளாக வைத்துக்கொண்டே போனாள். சாய்வாக வரிசை வரிசையாகப் புள்ளிகள்; அடியில் சிவப்பாக ஒரு நீளக் கட்டம். தேயிலைச் சரிவும் லயமும் என்பது எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

முதலாளிக்குத் தெரியவில்லை. அதை வரவேற்பறையில் மாட்டினார். தங்க வந்த ஒருவர் “வாவ், ட்ரைபல் ஆர்ட்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் படத்துக்கடியில் ‘நிக்கோபாரி பழங்குடி ஓவியம்’ என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டை தொங்கியது, விலையோடு.

“மொதலாளி, இது தேயிலைத் தோட்டம்” என்றேன்.

“நீங்க இருந்தது எங்க? நிக்கோபார்லதானே? அப்ப நிக்கோபாரிதான். பேசாம இரு.”

ஹோட்டலில் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஜோசுவா கச்சாலைச் சேர்ந்த நிக்கோபாரி. எங்களுக்குள் ஹிந்திதான். அவர் அட்டையைப் படித்துவிட்டு, “பாபி கப் ஸே நிக்கோபாரி ஹோ கயீ?” என்று சிரித்தார். அண்ணி எப்போது நிக்கோபாரி ஆனார்கள் என்று கேட்கிறார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். சுனாமியில் அவர் வீட்டில் யார் யார் போனார்கள் என்று எனக்குத் தெரியும். முதலாளி கேட்டதே இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் வந்தபோது முதலாளிக்குப் புது யோசனை. மல்லிகா வரவேற்பறையில் உட்கார்ந்து நாலு பேர் பார்க்க வரைய வேண்டும். நிக்கோபாரிப் பெண்கள் மாதிரி லுங்கி கட்டி வந்தால் இன்னும் நல்லது. கண்டிப்பாக மறுப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். “வாறேன்” என்றாள். எனக்குக் கோபமும் வெட்கமும் பொங்கின. அவள் எப்போதும் கட்டும் நூல் சேலையில் வந்து, கேன்வாஸை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சென்னையிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி அவளெதிரே நின்றார்கள். அந்த அம்மாள் கையை ஆட்டி ஆட்டி, “யூ... மேக்? வெரி நைஸ்” என்றார்.

“நாந்தாம்மா செஞ்சேன். ஒக்காருங்க” என்றாள் மல்லிகா.

அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏங்க, ட்ரைபல்ஸ் எவ்வளவு அழகா தமிழ் பேசுறாங்க பாருங்க!”

கணவர் போனில் படமெடுத்தபடியே கேட்டார். “நீங்க எந்தத் தீவும்மா?”

“கச்சால்ல இருந்தோம்.”

“அதான் பூர்வீகமா?”

“அதுக்கு முந்தி பதுளை.”

“பதுளை...” அவர் யோசித்தார். “அது எந்தத் தீவுல இருக்கு? போட்ல போகலாமா?”

“போட்டுலதான் வந்தோம்.”

“பெர்மிட் கெடைக்குமா?”

“வெளிய அனுப்பத்தான் குடுத்தாங்க” என்றாள் மல்லிகா. “உள்ள போறதுக்கு யாரும் குடுக்கல.”

அவர் அதைப் பெரிய தகவலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். மனைவியிடம், “ரெஸ்ட்ரிக்டட் ஏரியா போல. பதுளை ட்ரைப்” என்றார். இவர்கள் படித்த தமிழர்கள். சென்னைக்கும் பதுளைக்கும் நடுவே இருக்கும் கடலை ஒரு மழைக்குட்டை மாதிரி தாண்டிவிடலாம். அந்தப் பக்கம் மலைச்சரிவில் தங்கள் மொழி பேசுகிறவர்கள் தேயிலை பறிக்கிறார்கள் என்பது மட்டும் இவர்களுக்குத் தெரியாது. தினமும் குடிக்கிற தேநீரைப் பற்றிக்கூட ஒன்றும் தெரியாமல் ஒரு வாழ்க்கையை நிம்மதியாக முடித்துவிடுவார்கள்.

அவர்கள் சுவரில் மாட்டியிருந்த புள்ளிப் படத்தை விலை கேட்டார்கள். முதலாளி பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தார். “ஒரிஜினல் நிக்கோபாரி சார். கேளுங்க, அவங்களே சொல்வாங்க. சொல்லும்மா.”

மல்லிகா எழுந்தாள். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த பையன்கூடக் கையை நிறுத்தினான்.

“சிலோன்ல எங்கள இந்தியாக்காரின்னாங்க, இந்தியாவுல சிலோன்காரின்னாங்க. அது அவங்க வச்ச பேரு, கேட்டுக்கிட்டோம். இந்தப் பேரு ஜோசுவா அண்ணன் சனங்களோடது, மொதலாளி. செத்தவங்க பேரு. இத நான் எடுத்துக்கிட்டா அவரு மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது?”

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றினாள். அட்டை தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் படத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் முன்பல்ல, விருந்தாளிகள் முன்பு அவமானமாகிவிட்டதே என்றுதான் அவருக்கு வேர்த்தது.

வேலை போகவில்லை. ஹிந்தியும் தமிழும் பெங்காலியும் பேசி ஏச்சும் வாங்கிக்கொள்ள அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் சென்னையிலிருந்து வந்த அச்சுப் படம் தொங்குகிறது. பனிமலை, ஓர் ஏரி, அன்னப்பறவை. எல்லோரும் அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

படத்தைக் கழற்றிய அன்று சாயங்காலம் கராச்சர்மா பஸ்ஸில் மல்லிகா படத்தை மடியில் நிறுத்திப் பிடித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த பெங்காலி அம்மாள் படத்தை உற்றுப் பார்த்து, “யே கஹான் கா ஹை, தீதி?” என்றார். இது எந்த இடம், அக்கா.

“அப்னா கர்” என்றாள் மல்லிகா. எங்க வீடு.

“கிதர்?” எந்தப் பக்கம்.

மல்லிகா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினாள். அவள் விரல் நேரே மேட்டுக்காட்டைக் காட்டியது. அந்த அம்மாள் எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. நீட்டிய கை அப்படியே இருந்தது. இப்போது அதற்கு நேரே கடல்தான் இருந்தது.