ஆடித் தள்ளுபடியில் வாங்கிய பிரேக்

தஞ்சாவூர்க் கடையிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட் தள்ளிப் போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அப்பா நடுக்கடையில் கத்தினதும் சுவரில் இருந்த படத்தைக் கிழித்ததும் உங்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும். எனக்கும் வெட்கம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இன்னும் இறங்கவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். வாயால் சொன்னால் மறுபடி கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நம் காரின் கதை உங்களுக்குத் தெரியும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில் ஷெட்டில், மேலே தவிட்டு மூட்டை அடுக்கிக் கிடந்த அம்பாசிடர் அது. அறுப்பு மெஷின் ஓட்டிச் சேர்த்த காசில் அதை வாங்கி வந்தபோது அம்மா கேட்டாள், "இதுல யாரு போவா, எலியா?" இப்போது கல்யாணக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய கார்தான் வேண்டும் என்கிறார்கள். அறுப்பு இல்லாத மாதங்களில் இந்தக் கார் நமக்கு வேலை கொடுக்கும் என்று நினைத்தேன். ஒரு வருஷம் டிங்கரிங், பெயிண்ட், சீட் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். தவிடு மட்டும் இன்றைக்கும் கதவிடுக்கிலிருந்து கொட்டுகிறது.

கடைசியில் பாக்கி இருந்தது பிரேக். அதற்குள் முதல் ஆர்டரும் வந்துவிட்டது. பாபநாசத்தில் ஒரு விவசாயி, தன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு நம் காரைக் கேட்டார். ஆவணி ஆறாம் தேதி. ஆனி மாதமே கேட்டுவிட்டதால் நாள் நிறைய இருந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் அந்த மாதத்தில் நிதானமாக வேலை பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஆனியிலேயே தஞ்சாவூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். எனக்கு வேண்டியது இரண்டு சாமான். ஒன்று மாஸ்டர் சிலிண்டர். பிரேக்கை மிதித்தால் ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளுவது அது. இன்னொன்று சக்கரத்துக்குள் அந்த ஆயிலைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் வாஷர் செட். கடைப்பையன் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் விலை எழுதிக் கொடுத்தான். மாஸ்டர் சிலிண்டர் ஆயிரத்துத் தொள்ளாயிரம். வாஷர் செட் தனியாக நானூற்று எண்பது. பணத்தை எடுக்கப்போனேன். அவன் கையைத் தடுத்தான்.

"அண்ணே, இப்ப எதுக்கு வாங்குறீங்க? ஆடி வரட்டும். நாப்பது பெர்சன்ட் போடுறோம்."

"பிரேக்குக்கும் ஆடித் தள்ளுபடியா?"

"சேலைக்கு மட்டுந்தான் ஆடி வருமா அண்ணே?"

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது எரிகிறது. கையில் காசு இருந்தது, கடையில் பொருள் இருந்தது, வாங்காமல் வந்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதன் முன்பக்கம் என் ராசிக்கு 'ஆதாயம்' என்று போட்டிருந்தது.

பதினெட்டாம் பெருக்கு அன்று காலையில் நாம் நாலு பேரும் ஆற்றுக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, புளிசாதமும் எலுமிச்சை சாதமும் சாப்பிட்டு, அப்படியே தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம். கடை வாசலில் பலூன் வளைவு கட்டியிருந்தார்கள். நாற்பது என்ற எண்ணை ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். சின்னவள் அதற்கு முன்னால் நின்று தன் உயரத்தை அளந்து பார்த்தாள்.

மாஸ்டர் சிலிண்டர் பெட்டியில் மூவாயிரத்து ஐந்நூறு என்று விலை ஒட்டியிருந்தது. தள்ளுபடி போக இரண்டாயிரத்து நூறு. ஒரே நிமிஷத்தில் ஆயிரத்து நானூறு மிச்சம் என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனியில் என்ன விலை சொன்னான் என்பது அந்த நிமிஷம் நினைவுக்கு வரவேயில்லை. இதற்காகத்தான் நான் என்னை மன்னிக்கமாட்டேன். நெல் விலையில் ஒரு ரூபாய் குறைந்தால் ராத்திரி முழுக்கப் புலம்புகிறவன் நான்.

வாஷர் செட்டும் எடுத்து வை என்றேன். அதே பையன்தான். "அது ஃப்ரீ அண்ணே. சிலிண்டர் வாங்குனா வாஷர் செட் ஃப்ரீ. ஃப்ரீ இருக்கறப்ப எதுக்குக் காசு குடுக்குறீங்க?" என்று பெயர் எதுவும் இல்லாத ஒரு பாலிதீன் பொட்டலத்தைப் பெட்டி மேல் வைத்தான். நானூற்று எண்பது ரூபாய் வாஷர் அவன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். கேட்கவில்லை.

பிறகு நம்மைப் பலூன் வளைவுக்குக் கீழே நிறுத்தி, பெட்டியை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள்.

மறுநாள் அம்மா துணி ஊறப்போடும்போது என் பழைய சட்டைப் பையிலிருந்து அந்த நாள்காட்டித் தாள் வந்தது. அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து விரலால் அளந்தே துணி வெட்டுகிறவள். எண் அவளிடம் தப்பாது.

"என்னங்க, ஆனியில ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு எழுதியிருக்கு."

"ஆமா."

"நேத்து எவ்வளவு குடுத்தீங்க?"

நான் பெட்டியை எடுத்து, ஒட்டியிருந்த விலையை நகத்தால் கீறினேன். மேல் தாள் சுருண்டு வந்தது. கீழே இன்னொரு விலை. ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

"தள்ளுபடி நல்லாத்தான் தள்ளியிருக்கு," என்றாள் அம்மா. "உங்களை."

இருநூறு ரூபாய் பெரிய தொகை இல்லை. அதற்காக நான் கத்தவில்லை. அன்றைக்கு அதை விழுங்கிக்கொண்டேன். சரி, பொருளாவது நல்லதாக இருக்கட்டும் என்று மாட்டினேன். அந்த ஃப்ரீ வாஷரையும் நாலு சக்கரத்திலும் மாட்டினேன். விலையில் ஏமாற்றுகிறவன் பொருளிலும் ஏமாற்றுவான் என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். நான் மெஷின் ஓட்டுகிறவன்.

பத்து நாள் நன்றாக ஓடியது. ஆவணி இரண்டாம் தேதி சாயங்காலம், கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, உங்கள் இரண்டு பேரையும் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்றுக் கிளம்பினேன். பெரியவள் மணப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள் வெளியே எல்லாருக்கும் கை காட்டினாள். குடமுருட்டிப் பாலத்திலிருந்து இறக்கத்தில் வரும்போது பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போனது. திரும்ப மிதித்தேன். ஒன்றும் இல்லை.

கீழே திருப்பத்தில் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வருகிற பிள்ளைகள் இருந்தார்கள். நீங்கள் அதைப் பார்த்தீர்களோ என்னவோ. நான் பார்த்தேன். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடப்பக்கம் ஒடித்தேன். கார் கரையை விட்டு இறங்கி ஒரு நாற்றங்காலுக்குள் போய்ப் புதைந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சின்னவள் மட்டும், "அப்பா, இது கல்யாண மண்டபமா?" என்றாள்.

நாற்றங்காலுக்குச் சொந்தக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏம்ப்பா, சேறு அடிக்க டிராக்டர் கிடைக்கலன்னு அம்பாசிடரை விட்டிருக்கியா?" என்றார். பின்னால் உங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. முதலில் உங்களைத் தூக்கி வரப்பில் விட்டார். நாற்று மிதிபட்டதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஃப்ரீ வாஷர் ஆயிலில் ஊதி, வாய் பிளந்து கிடந்தது. விரலால் அழுத்தினால் பிய்ந்து வந்தது.

மறுநாள் கழற்றிய சிலிண்டரோடு பெட்டி, வாஷர், நாள்காட்டித் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லீவு நாள், நாங்களும் வருகிறோம் என்று பின்னாலேயே வந்தீர்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நம் படம். நாலு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படத்தைப் பெரிதாக்கி, கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கீழே, ஆடித் தள்ளுபடி மக்கள் ஆதரவால் ஆவணி வரை நீட்டிப்பு என்று எழுதியிருந்தது.

முதலில் நான் மெதுவாகத்தான் பேசினேன். முதலாளி பில்லைத் திருப்பிக் காட்டினார்.

"தள்ளுபடியில எடுத்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க. பின்னாடி போட்டிருக்கு பாருங்க."

"பிரேக் வாஷருங்க இது. பத்து நாள்ல வாய் பிளந்துருச்சு. என் பிள்ளைங்க உள்ள இருந்துச்சுங்க."

"அது ஃப்ரீ ஐட்டம். ஃப்ரீக்கு யாருங்க கேரண்டி குடுப்பா?"

"அப்ப எதுக்குங்க குடுத்தீங்க?"

"நீங்க சந்தோஷமாத்தான வாங்கிட்டுப் போனீங்க. இதோ, போட்டோவே இருக்கே." திரும்பி அந்தப் படத்தைக் காட்டினார். "சரி, கோவப்படாதீங்க. புது செட் ஒண்ணு எடுத்துக்குங்க. உங்களுக்காக ஸ்பெஷலா இருபது பெர்சன்ட் போட்டுத் தர்றேன்."

அங்கேதான் நான் கத்தினேன். நாள்காட்டித் தாளைக் கல்லா மேல் வைத்து, இது யார் கையெழுத்து என்று கேட்டேன். எழுதிக் கொடுத்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். சம்பளத்துக்குச் சொல்கிறவன். மீதிக் கோபம் எல்லாம் அந்தப் படத்தின் மேல் வந்தது. நம் நாலு பேர் முகத்தையும் காட்டித்தான் அடுத்தவனை ஏமாற்றப்போகிறார்கள். உங்கள் சிரிப்பை நம்பி இன்னொருவன் தன் பிள்ளைகளைக் காரில் ஏற்றுவான். அதனால்தான் கல்லாவைச் சுற்றிப் போய் அதைக் கிழித்தேன். பெரியவள் என் சட்டையைப் பிடித்து, "அப்பா, போதும்ப்பா, வாங்க" என்றது கேட்டது. கேட்டுக்கொண்டேதான் கிழித்தேன்.

நீங்கள் தலையைக் குனிந்திருந்ததால் ஒன்றைக் கவனித்திருக்கமாட்டீர்கள். கடையில் டிராக்டருக்கு ஃபில்டர் வாங்க வந்தவர் ஒருவர் நின்றிருந்தார். நான் கத்தி முடித்ததும் அவர் தன் கையிலிருந்த பெட்டியைத் திருப்பி, ஒட்டியிருந்த விலையை நகத்தால் கீற ஆரம்பித்தார். பக்கத்தில் நின்றவரும் கீறினார். அப்புறம் இன்னொருவர். கொஞ்ச நேரம் கடையில் அந்தச் சுரண்டல் சத்தம் மட்டும்தான் இருந்தது. முதலாளி அவசரமாக இரண்டாயிரத்து நூறை எண்ணி என் முன்னால் வைத்து, "வாங்கிட்டுக் கிளம்புங்க முதல்ல" என்றார்.

பணம் வந்துவிட்டது. பிரேக் வரவில்லை. அந்தக் கடை அலமாரியில் இருந்த வாஷரையும் இனி நம்ப முடியாது. திருச்சியில் இரண்டு கடையில் விசாரித்தேன். நம் மாடலுக்கு நல்ல சிலிண்டரும் வாஷரும் சென்னையிலிருந்து வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். கல்யாணத்துக்கு இருந்தது மூன்று நாள்.

மணப்பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன். காரில் பிரேக் இல்லை, என்னால் வர முடியாது என்று சொன்னேன்.

"தம்பி, கோயில்லேருந்து மண்டபம் அரைக் கிலோமீட்டர். மேளக்காரங்க பின்னாடி ஊர்ந்துதானே வரப்போறீங்க. ஒரு மேடு பள்ளம் கிடையாது. ஹேண்ட் பிரேக்கை வச்சு ஓட்ட முடியாதா?"

முடியும் என்று ஒரு மனசு சொன்னது. மறைக்காமல் சொல்கிறேன். முதல் ஆர்டர், ஒரு வருஷ உழைப்பு. தலையை ஆட்டத் தயாராகத்தான் இருந்தேன். வரப்பில் சேற்றுக் காலோடு நின்ற உங்கள் இரண்டு பேர் முகமும் வந்தது.

"முடியாதுங்க," என்றேன். "வாங்குன அட்வான்ஸை நாளைக்கே கொண்டாந்து தர்றேன். ஏமாத்திட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

 "சரி, வேற காருக்குச் சொல்றேன்," என்றார். "கார் வராட்டிப் போகுது. நீங்க குடும்பத்தோட வந்துருங்க."

போனோம். ஆறாம் தேதி சாயங்காலம், பூ அலங்காரத்தோடு ஏதோ ஒரு புதுக் கார் வந்தது. அதில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். நான் ரோட்டோரம் நின்றேன். முன்னால் மேளம். மேளத்துக்கும் காருக்கும் நடுவில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் பம்பருக்கு ஒரு கை தூரத்தில், பின்னால் பார்க்காமல் ஆடிக்கொண்டு வந்தார்கள். எப்போது போய்ச் சேர்ந்தீர்களோ, நீங்கள் இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். சின்னவள் சுற்றின சுற்றில் தடுமாறிக் காருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கார் அப்படியே நின்றது. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு மறுபடி ஆடினாள்.

கார் நின்ற பிறகும் என் வலது கால் ரோட்டை அழுத்திக்கொண்டே இருந்தது. அம்மா தோளைத் தொட்ட பிறகுதான் எடுத்தேன்.