திருவாலங்காட்டுக்கு மேலே திரும்பினோம்

எங்க நைனா லாரி டிரைவர். ஊடு திருவள்ளூர்ல. கும்மிடிப்பூண்டி பக்கம் அப்போதான் ஒவ்வொரு கம்பெனியா எழும்பிக்கினு இருந்துச்சு. இரும்புக் கம்பி, சிமெண்டு, மிஷினுன்னு எங்கப்பா அங்க ஏத்திக்கினு போகாத சாமானே கிடையாது. எனக்கு மாப்பிள்ளை பாத்தப்போ, பையன் பெங்களூர்ல ஒரு ஃப்ளையிங் கிளப்புல மெக்கானிக்கா சேர்ந்து, அப்புறம் தானே ஏரோப்ளேன் ஓட்டக் கத்துக்கினு, இப்போ மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாருன்னாங்க. அம்மா ஒத்துக்கல. தரையில நடக்கற பையனாப் பாருங்கன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. நைனா ஒரே பேச்சுல முடிச்சுட்டாரு. அவனும் ஸ்டேரிங் புடிக்கறவன், நானும் ஸ்டேரிங் புடிக்கறவன், ஒத்துப்போகும்னாரு. எனக்கு அதுலயே கோவம். டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவ நான். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகுமான்னு ஒருத்தரும் கேக்கல.

எழுபதுகள்ல ஒரு ஆவணி மாசம். கல்யாணமாகி பெங்களூர்ல கிளப்புக்குப் பக்கத்துலயே குடியிருந்தோம். மத்தியானம் சோறு வடிச்சுக்கினு இருந்தேன், கிளப்பு ஆபீசுல இருந்து ஆள் ஓடி வந்து ஊர்ல இருந்து டிரங்கால்னு கூப்பிட்டான். பேசினது என் தம்பி. நைனாவுக்கு நெஞ்சு வலி, டாக்டர் கைய விரிச்சுட்டாரு, ஊட்டுக்கே கூட்டிக்கினு வந்துட்டோம், உன்னைத்தான் கேட்டுக்கினே இருக்காருன்னான். பகல் ரயில் போயிடுச்சு, அடுத்தது ராத்திரிதான். கிளப்புப் பெரியவர் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. என் மூஞ்சியைப் பாத்துட்டு, சின்ன ப்ளேனை எடுத்துக்கினு போப்பான்னு எங்க ஊட்டுக்காரருகிட்ட சொல்லிட்டாரு. மீனம்பாக்கத்துல எறங்கி டாக்சி புடிச்சா இருட்டறதுக்குள்ள திருவள்ளூர். லைன் கட்டாகறதுக்குள்ள, நாங்க ப்ளேன்ல வர்றோம்னு நைனா காதுல போடுடான்னு கத்தினேன்.

ரெண்டே சீட்டு. அவரும் நானும் தோளோட தோள் இடிச்சுக்கினு உக்காந்தோம். கீழே ரயில் பாதை போச்சு, அதைப் புடிச்சுக்கினே போனோம். காட்பாடி தாண்டற வரைக்கும் வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் எதிர்ல வெள்ளை வெள்ளையா மேகம் குவிஞ்சு, பாத்துக்கினு இருக்கும்போதே மேல மேல ஏறிச்சு. அரக்கோணம் வந்தப்போ அதோட அடிப்பக்கம் அடிப்பிடிச்ச சட்டி மாதிரி கறுத்துப் போயிருந்துச்சு. உள்ள மின்னல் வெட்டுது, இஞ்சின் சத்தத்துல இடி காதுல விழல. சத்தமில்லாத மின்னல்தான் எனக்கு இன்னைக்கும் பயம்.

இவரு பெல்ட்டை இறுக்கச் சொன்னாரு, வேகத்தைக் கொறச்சாரு. அதெல்லாம் சரி. ஆனா தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னாடியே பாத்துக்கினு இருந்தாரு. எனக்கு எரிச்சல் தாங்கல. எங்கப்பா இருக்கறது முன்னாடி, இந்த மனுஷன் பின்னாடி இன்னாத்தைத் தேடறாரு? முன்னாடி பாத்து ஓட்டுங்கன்னு சொல்லியே சொல்லிட்டேன். முன்னாடி வழி இருக்குதான்னு யார் வேணா பாப்பாங்க, பின்னாடி வழி மூடிக்காம இருக்குதான்னு நான் பாக்கணும்னாரு. எனக்கு அப்போ இந்தத் தத்துவமெல்லாம் ஏறல.

முதல்ல தெற்கால ஒதுங்கிச் சுத்திப் பாத்தாரு. மேகத்துக்கு ரொம்பத் தள்ளித்தான் போனாரு, அதோட தலை குடை மாதிரி நீட்டிக்கினு இருந்த பக்கம் கிட்டவே போகல. ஆனா நாங்க ஒதுங்க ஒதுங்க அதுவும் காஞ்சிபுரம் பக்கமா நீண்டுக்கினே வந்துச்சு. திரும்பவும் ரயில் பாதைக்கு வந்தோம். கீழே திருவாலங்காடு. கோயில் கோபுரம் தெரிஞ்சுது, ஸ்டேஷன் தெரிஞ்சுது. அதுக்கு அந்தாண்ட எங்க ஊரு. சைக்கிள்ல கூடப் போயிடலாம்.

அப்போதான் பாத்தேன். கறுப்புக்கு நடுவுல, பாதைக்கு நேர் மேல, கதவு லேசாத் திறந்த மாதிரி ஒரு வெளிச்சம். அந்தப் பக்கம் பச்சை வயல் வெயில்ல மின்னுது. அங்கதான் நைனா படுத்திருக்காரு. இவரு கையைப் புடிச்சு உலுக்கினேன். அதோ வழி இருக்குது, பூந்து போயிடலாம்னேன். நாம போய்ச் சேர்றதுக்குள்ள அது மூடிக்கும்னு சொல்லிட்டுக் கீழே காட்டினாரு. செம்மண் புழுதி தரையோட தரையா உருண்டு எங்களைப் பாத்து ஓடி வந்துக்கினு இருந்துச்சு. மழைக்கு முன்னாடி வர்ற காத்து. அதைப் பாத்ததும் ப்ளேனைத் திருப்பிட்டாரு. கோபுரம் என் பக்கத்து ஜன்னல்ல சாய்ஞ்சு, பின்னாடி போயிடுச்சு. நான் கழுத்தைத் திருப்பிப் பாத்துக்கினே வந்தேன். அந்த வெளிச்சம் ரொம்ப நேரம் அப்படியே இருந்த மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது.

இருந்துச்சா, மூடிக்கிச்சா? இன்னைக்கும் சொல்ல முடியாது. அன்னைக்குத் திருவள்ளூர்ல புளியமரமெல்லாம் வேரோட சாய்ஞ்சுது, அது உண்மை. ஆனா அது எப்போ சாய்ஞ்சுது, நாங்க அதுக்குள்ள தாண்டியிருப்போமான்னு யாரைக் கேக்கறது? உள்ள போய் விழுந்திருந்தா ஊரே சொல்லும், போகாம இருந்திருக்கலாம்னு. திரும்பி வந்தவனுக்கு சாட்சி சொல்ல யாரும் இல்ல.

அரக்கோணத்துப் பக்கம் யுத்த காலத்து ஓடுபாதை ஒண்ணு உண்டு. அதுல எறக்கினாரு. நான் குதிச்சு எறங்கி ரோட்டைப் பாத்து நடக்க ஆரம்பிச்சேன். இவரு வரல. காவலுக்கு இருந்தவர்கிட்ட கயிறு வாங்கி, முளை அடிச்சு, ஒரு றெக்கையைக் கட்டி, அப்புறம் இன்னொரு றெக்கையைக் கட்டி, இழுத்து இழுத்துப் பாத்துக்கினு இருந்தாரு. எங்கப்பன் அங்க சாகக் கெடக்கறாரு, இவரு மாட்டைக் கட்டற மாதிரி ஏரோப்ளேனைக் கட்டிக்கினு இருக்காரு. கடைசி முடிச்சு போடறதுக்கும் மழை கொட்டறதுக்கும் சரியா இருந்துச்சு.

நனைஞ்சுக்கினே ரோட்டுக்கு வந்து, ஒரு லாரியில ஏறி ஸ்டேஷன் போய், பாசஞ்சர் வண்டியைப் புடிச்சோம். நான் அவரு பக்கத்துல உக்காரல, எதிர் பெஞ்சியில உக்காந்தேன். திருவாலங்காட்டுல சிக்னல் கெடைக்காம வண்டி நின்னுடுச்சு. எந்தக் கோபுரத்துக்கு மேல திரும்பினோமோ அதுக்குக் கீழயே நிக்கறோம். எனக்கு அடக்க முடியல.

“அவங்கவங்க உசுரு அவங்கவங்களுக்கு வெல்லம். பயந்துட்டீங்க, அவ்ளோதான்.”

“ஆமா, பயந்துதான் போனேன்”னாரு. சண்டைக்கு நின்னிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஊட்டு வாசல்ல ஜனம் நின்னுக்கினு இருந்துச்சு. யாரும் சொல்ல வேண்டியிருக்கல. உள்ள போனா நைனா தலைமாட்டுல விளக்கு எரியுது. விழுந்து அழுதேன். பக்கத்துல கெடந்த அவரு கையை எடுத்து என் தலையில வச்சுக்கினேன், அது சூடா இருக்கற மாதிரியே இருந்துச்சு. இவரு ஈரச் சட்டையோட வாசப்படியிலயே நின்னாரு, உள்ள வரல.

அம்மா என் முதுகைத் தடவிக்கினே இருந்தாங்க. கொஞ்சம் நான் அடங்கினதும், வாசப்படியில நின்னவரை நிமிர்ந்து பாத்து, ரொம்ப மெதுவாச் சொன்னாங்க. ப்ளேன்ல வர்றீங்கன்னு தம்பி சொன்னதும் நைனா சிரிச்சாராம். அப்புறம் ஜன்னல் இருண்டுக்கினு வர்றதைப் பாத்துட்டு, எழுந்து உக்காரப் பாத்தாராம். முடியல. அம்மா கையைப் புடிச்சுக்கினு பேசினது அதுதான் கடைசி.

“மானம் கறுத்துக்கினு வருது. மாப்ளையாண்ட சொல்லு, எங்கனா ஓரமா நிறுத்திக்கினு மழை உட்டப்புறம் வரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

இவரு அப்படியே வாசப்படியில உக்காந்து, மூஞ்சியைப் பொத்திக்கினு அழுதாரு. இவரு அழுது நான் பாத்ததில்ல. நைனா கையை மெதுவா எடுத்து நைனா நெஞ்சு மேலயே வச்சேன். எழுந்து போய் இவரு பக்கத்துல உக்காந்தேன்.