டீச்சருக்கு மேலுக்கு முடியல

புத்தகக் கடை வைத்திருப்பவள் கடையில் இருக்கிற புத்தகம் அத்தனையும் படித்திருப்பாள் என்று ஊர் நம்பும். அதையாவது சமாளித்துவிடலாம், எழுதியவரின் உடம்புக்கும் அவள்தான் பொறுப்பு என்று நம்ப ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது, சொல்லுங்கள்! துணிக்கடையோ மருந்துக்கடையோ, கல்லாவில் உட்கார்ந்து ஊர் வாயில் விழுகிற என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும்.

எனக்குத் தென்காசியில் ஒரு சின்னக் கடை. பிழைப்பு ஓடுவது நோட்டிலும் கைடிலும். கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மட்டும் சொர்ணம் டீச்சரின் நாவல்கள். டீச்சர் மேலகரத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ரிட்டையர் ஆனவர். அவருடைய மரகதம் கதை இரண்டு பாகம் வந்திருக்கிறது. மரகதத்தைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு ஓடிப்போன புருஷன், இரண்டாம் பாகம் முடிகிற இடத்தில் தலை நரைத்துத் திரும்பி வந்து கதவைத் தட்டுவான். திறந்தாளா இல்லையா என்பது மூன்றாம் பாகத்தில். அதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் டீச்சருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். என்னைப் பிடித்தது சனி.

வீட்டுக்காரி கேட்கச் சொன்னாள்

வாசுதேவநல்லூர்ப் பக்கம் எலுமிச்சை வியாபாரம் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். டீச்சர் புத்தகம் வாங்கும்போதெல்லாம் "வீட்டுக்காரிக்கு" என்பார். வீட்டுக்காரி பேப்பர்கூடப் படிக்கமாட்டாள் என்று அவரே ஒருநாள் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார். மரகதத்தின் புருஷனை என் கடையில் நின்றுகொண்டு அவர் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

பள்ளிக்கூடம் திறந்த வாரம். பிள்ளைகளும் பெற்றவர்களும் கடையை மொய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணாச்சி அத்தனை பேரையும் ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "டீச்சர் எப்படி இருக்காவ?" என்றார். தேவலை என்றேன். "தேவலைன்னா?" என்றார். இளநீர் ஒரு குலை அனுப்பட்டுமா என்றார், கிட்னிக்காரர்களுக்கு இளநீர் கூடாதாம் என்றேன். அப்படியானால் ஒரு மூட்டை எலுமிச்சம்பழம்? அதுவும் டாக்டரைக் கேட்காமல் கூடாது அண்ணாச்சி என்றேன். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆனதும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சுற்றி நின்ற பிள்ளைகளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்: "நான் ஒண்ணும் கேக்கல தாயி. ரத்தத்துல கிரியாட்டினின் உப்பு எவ்வளவு இருக்குன்னு வீட்டுக்காரிதான் கேட்டுட்டு வரச் சொன்னா."

ஐந்தருவித் தண்ணீர்

மேலகரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் முப்பிடாதி அக்காவுக்கு டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளி. சாரல் விழ ஆரம்பித்து, குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. மலையில் எத்தனையோ மூலிகையைத் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர், இதற்கு மிஞ்சின மருந்து எது? வெளியூர்க் கூட்டம் வந்து சோப்புப் போடுவதற்கு முன்னால் பிடித்தாக வேண்டும் என்று விடியக்காலையிலேயே போய், ஒரு பெரிய கேன் நிறையப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் நேராக என் கடை வாசலில் வந்து இறங்கினாள். "ஏறுங்க மெர்சியக்கா. நீங்க கூட வந்தாத்தான் அங்கன உள்ள விடுவாவ" என்றாள். கேன் மூடி சரியாக இறுகவில்லை. மேலகரம் போய்ச் சேர்வதற்குள் என் சேலை தொப்பலாகிவிட்டது.

கதவைத் திறந்தது டீச்சர் மகள் சங்கரி. கேனைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. எங்களை ஓரமாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கி மூச்சு முட்டும். அம்மாவுக்கு ஒருநாளைக்கு உள்ள தண்ணீரைக் காலையிலேயே ஒரு சின்ன பாட்டிலில் அளந்து வைத்துவிடுகிறோம். மாத்திரை போடுவதும் அதற்குள்தான். ரொம்ப நாக்கு வறண்டால் ஐஸ் கட்டி ஒன்று வாயில் போட்டுக்கொள்வாள். சங்கரி சொல்லச் சொல்ல, முப்பிடாதி அக்கா கேனைக் கட்டிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளேயிருந்து டீச்சர் குரல் வந்தது. "யாரு, முப்பிடாதியா? என்னட்டி கொண்டாந்திருக்க?" தண்ணீர் என்று சொல்ல எங்கள் மூன்று பேருக்கும் வாய் வரவில்லை. "மாவு டீச்சர்!" என்று நான் சத்தம் கொடுத்தேன். திரும்பும்போது அக்கா சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடிக்க வேண்டாம் தாயி. மூஞ்சியையாவது கழுவச் சொல்லு."

கண்ணை மூடுகிற கணக்கு

இது டீச்சர் வாயால் வந்த வினை. முன்பு ஒரு வாசகர் கூட்டத்தில் யாரோ எழுந்து, மரகதம் கதை எப்போது முடியும் என்று கேட்டார்கள். "அதை முடிச்சிட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன், வேலை இல்லாமல்!

இப்போது ஒவ்வொருத்தரும் அதை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். முடித்தால்தானே கண்ணை மூடுவார், முடிக்காவிட்டால்? ஒருநாள் சாயங்காலம் என் கடையில் சண்டையே வந்துவிட்டது. பேங்கில் வேலை பார்க்கிற ஒரு பெண், சீக்கிரம் எழுதி முடித்தால்தான் டீச்சருக்கு மனசு லேசாகும் என்று நல்லபடியாகத்தான் சொன்னாள். முப்பிடாதி அக்கா அவள்மேல் பாய்ந்துவிட்டாள். "நீ டீச்சரை அனுப்பி வைக்கவா வந்திருக்க?" அந்தப் பெண் அழ, எலுமிச்சை அண்ணாச்சி இடையில் புகுந்து இன்னும் கொஞ்சம் கெடுக்க, வெளியே போய்ச் சண்டை போடுங்கள் என்று நான் கத்திவிட்டேன். முப்பிடாதி அக்கா படியிறங்கிப் போய், திரும்பி வந்து சொன்னாள்: "மரகதம் கதவைத் தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன? டீச்சர் இருந்தாப் போதும்."

பிரித்து வைத்த கட்டு

ஆனால் டீச்சர் எழுதி முடித்துவிட்டார். ஒரு கையில் ஊசி, ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கும், அப்படிப் படுத்துக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து சங்கரி போனில் டைப் அடித்திருக்கிறாள். புத்தகம் அச்சாகி வந்தது. வாசலில் போர்டு எழுதிவைத்து, கல்லாவுக்கு முன்னாலேயே அழகாக அடுக்கினேன். கூட்டம் நெரியப்போகிறது என்று தங்கச்சி மகளைக்கூட ஒத்தாசைக்கு வரச் சொல்லியிருந்தேன்.

ஒரு ஈ காக்கை வாங்கவில்லை. வராமல் இல்லை, வந்தார்கள். தூரத்தில் நின்று அட்டையைப் பார்த்தார்கள். சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி மல்லிகைப்பூ ஒரு முழம் வைத்துவிட்டுப் போனாள், என்னமோ சமாதி மாதிரி. எனக்கு ஆத்திரம் வந்து அதைத் தூக்கி வீசினேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. யாரும் கடைசிப் பக்கத்தைப் படிக்காதவரைக்கும் கதை முடிந்ததாகக் கணக்கில்லை என்று ஒருத்தருக்கொருத்தர் போனில் பேசி வைத்திருக்கிறார்கள்! சாமிக்கு நேர்ந்துகொள்கிற நேர்ச்சை மாதிரி. பேங்க் பெண்ணைக்கூடத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டார்கள். நீயாவது வாங்கேன் என்று அவளிடம் கெஞ்சினேன். "வாங்கிப் படிக்க எனக்கு மட்டும் ஆசையில்லையாக்கா? படிச்சி முடிச்ச அன்னைக்கு அவியளுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா, அந்தப் பாவம் என் தலையிலல்லா விடியும்."

டீச்சர் போன் செய்தார்

போனில் டீச்சர் பெயரைப் பார்த்ததும் கடைக்கு வெளியே வந்து எடுத்தேன். "மெர்சி, புத்தகம் போகுதா?" என்றார். போகுது டீச்சர் என்றேன். வாய் கூசியது. "படிச்சவிய யாராவது என்னமும் சொன்னாவளா? ஒருத்தர்கூட எனக்குப் போன் பண்ணலயே." இப்போதுதானே டீச்சர் வாங்கிப் போயிருக்கிறார்கள், சமையல், பிள்ளைகள், வேலை என்று இருக்கும் என்று என்னவோ உளறினேன்.

 டீச்சர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியுதுட்டி. கதை நல்லா வரல, என்ன? மெஷின்ல கெடந்துகிட்டுச் சொன்னதுல்லா."

யாராவது ஒருத்தர்

கடையைத் தங்கச்சி மகளிடம் விட்டுவிட்டு முப்பிடாதி அக்கா வீட்டுக்குப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தேன். "உங்க நேர்ச்சையைக் கொண்டு குப்பையில போடுங்க. அந்த மனுஷி தனக்கு எழுத வராமப் போச்சுன்னு நெனச்சு அங்கன புழுங்கிட்டு இருக்காவ. நோய்கூட அவியளை இப்படிப் பண்ணல, நீங்கதான் பண்ணுதிய" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா கையிலிருந்த மாவைக் கழுவினாள். என்னோடு கடைக்கு வந்தாள். புத்தகத்தை வாங்கி, கடையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பிரித்தாள்.  மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடித்தாள். முடித்தவுடன் முதலில் சங்கரிக்குப் போன் போட்டு, "டீச்சர் மூச்சு விடுதாவளா?" என்று கேட்டுக்கொண்டாள். அப்புறம் நேரே கிளம்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தார் டீச்சர். முகம் வீங்கியிருந்தது. அக்கா சௌக்கியம்கூட விசாரிக்கவில்லை, எடுத்தவுடன் சண்டைக்குப் போய்விட்டாள். "அவ கதவைத் தொறந்தது சரி. அவனை உள்ள கூப்ட்டு சோறு போட்டதும் சரி. திருந்தி வந்தவனை ஏன் டீச்சர் கொன்னுட்டிய? இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போறான், உங்களுக்கு என்ன?"

டீச்சர் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். அழுதாயா என்று கேட்டார். எந்த இடத்தில் அழுதாய் என்று கேட்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், நோயாளி முகமாகவே இல்லை. பிறகு எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் வரச் சொல்லி, சங்கரி காதில் விழாதபடி சொன்னார்: "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு முப்பிடாதி. கதை முடியணும்னா யாராவது ஒருத்தர் போயாகணும்னு மனசு அடிச்சிக்கிட்டுது. அதான் அவனை அனுப்பி வச்சிட்டேன்."

அக்கா அதை ஊர் பூராவும் சொன்னாள், போகவேண்டிய ஆள் கதைக்குள்ளேயே போய்விட்டான் என்று ஆனதும் மறுநாள் சாயங்காலத்துக்குள் அடுக்கு காலி. டீச்சர் ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷினுக்குப் போய் வருகிறார், வாசகர்கள் தினமும் என் கடைக்கு வந்து போகிறார்கள், இதில் யாரை யார் பிழைக்க வைக்கிறார்கள் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது, கைடு வேண்டுமானால் எடுத்துத் தருகிறேன்.